பற்றரி வெல்லும், பங்கு தோற்கும்

வாதம் இதுதான். பெற்றோலின் காலம் முடிகிறது, பற்றரியின் காலம் தொடங்குகிறது. கார், ஓட்டோ, வீட்டு விளக்கு, நாட்டின் மின்வலை எல்லாமே பற்றரியை நம்பித்தான் இருக்கப்போகின்றன. ஆகவே முளைவிடும் நிலையிலுள்ள ஒரு பற்றரிக் கம்பனியில் இன்று சிறு தொகை போட்டு வைப்பவர் பத்து வருடத்தில் பெருந்தொகை பார்ப்பார். ஊருக்கே தெரிந்த பிறகு போட்டால் இலாபம் இல்லை, யாருக்கும் தெரியாதபோதே போட வேண்டும். அதிலும் இலங்கை மண்ணில் உலகின் மிகச் சுத்தமான காரீயம் (கிராபைற்) கிடக்கிறது, பற்றரி செய்ய அது வேண்டும். எனவே நமக்கு இது இரட்டை அதிர்ஷ்டம்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இந்த வாதம் இப்போது சர்வசாதாரணம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு சுவிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் கைபேசியில் கொண்டு வருகிறார்கள். ஓய்வூதியம் எடுக்கும் ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் அதை அக்கறையோடு கேட்கிறார்கள். இவர்களைப் பேராசைக்காரர் என்று ஒதுக்குவது அநியாயம். வாதத்தின் முதற்பாதி முழுக்க உண்மை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடு முழுக்க இருண்டது. அதே ஆண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்தபோது, கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வைக்கவேண்டும் என்று மின்சார சபையே கேட்டது. பகலில் கூரை உண்டாக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க வழி வேண்டும், அந்த வழி பற்றரிதான். பற்றரியின் அருமையை இந்தப் பக்கத்தில் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லத் தேவையில்லை. யுத்த காலத்தில் வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் டோர்ச் பற்றரியும் இருந்தது.

என் சண்டை முதற்பாதியோடு இல்லை. அதற்குப் பிறகு வருகிற அந்த 'ஆகவே'யோடுதான்.

1. தொழில் வளர்ந்தால் அதில் போட்ட காசும் வளருமா?

வளராது. பற்றரித் தொழில் ஏன் வளர்கிறது என்பதை ஒரு நிமிடம் யோசியுங்கள். விலை விழுவதால்தான் வளர்கிறது. 2010இல் ஒரு கிலோவாற் மணி லித்தியம் அயன் பற்றரித் தொகுதி 1,000 டொலருக்கு மேல். புளூம்பேர்க்கின் ஆய்வுப் பிரிவு 2024இல் கணக்குப் பார்த்தபோது சராசரி 115 டொலர். வாங்குகிறவருக்கு இது வரம், செய்து விற்கிறவருக்கு இடி. மேடையில் "பாருங்கள், சந்தை எப்படி ஏறுகிறது" என்று காட்டப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் விலைக் கோட்டையும் வரைந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே சங்கதியின் இரு முகம்.

ஏ123 சிஸ்டம்ஸ் கதையை நான் எல்லாரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் அது தவறான தொழில்நுட்பத்தின் கதையே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2001இல் பிறந்த கம்பனி. இரும்புப் பொஸ்பேற்றை வைத்து லித்தியம் பற்றரி செய்தார்கள்: தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு, நீண்ட காலம் உழைக்கும். அமெரிக்க அரசு 24.9 கோடி டொலர் மானியம் ஒதுக்கியது. 2009 செப்டெம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஆரம்ப முதலீட்டாளர்கள் பூரித்துப் போனார்கள். 2012 ஒக்ரோபரில் கம்பனி வங்குரோத்து. சீனாவின் வான்சியாங் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. இன்று உலகத்து மின்வாகனப் பற்றரிகளில் ஏறக்குறைய பாதி அதே இரும்புப் பொஸ்பேற் வகை. அதாவது அந்த முதலீட்டாளர்கள் எந்த இரசாயனம் வெல்லும் என்று சரியாகவே கணித்தார்கள். சரியாகக் கணித்தும், கடைசிவரை வைத்திருந்தவர்கள் காசை இழந்தார்கள். தவறாகக் கணித்தவர்களின் கதையை யாரும் நியாயம் சொல்லித் தாண்டிவிடலாம், இந்தக் கதையைத் தாண்ட முடியாது.

புதிய கம்பனி எப்போதும் நேற்றைய விலையோடு போட்டி போடுவதாகவே தன் திட்டத்தை எழுதுகிறது. உப்பிலிருந்து கிடைக்கும் சோடியத்தை வைத்து மலிவாகப் பற்றரி செய்வோம் என்று கிளம்பியவர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 2022 முடிவில் சீனச் சந்தையில் ஒரு தொன் லித்தியம் காபனேற் 6 இலட்சம் யுவானைத் தொடப் போனபோது அவர்களின் கணக்கு அற்புதமாக இருந்தது. 2024 முடிவில் அது 80 ஆயிரத்துக்கும் கீழே. அமெரிக்காவின் நேட்ரான் கம்பனி, வட கரோலினாவில் 140 கோடி டொலரில் சோடியம் பற்றரித் தொழிற்சாலை கட்டுவதாக 2024இல் அறிவித்தது. 2025 செப்டெம்பரில் கடையை மூடியது.

2. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறதே?

செய்யும். அதில் ஐயமில்லை. எனக்குக் காட்டப்பட்ட ஒரு விளக்கப் படத்தை இங்கே விவரிக்கிறேன். இடமிருந்து வலமாக ஒரு நீலக் கோடு, ஏறக்குறைய கிடையாக. "500 தரம் ஏற்றி இறக்கியும் 90 வீதம் மிச்சம்" என்று தலைப்பு. கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்து: பொத்தான் அளவுச் செல், 25 பாகை வெப்பம், மெதுவான ஏற்றம். சோதித்த செல்கள் எத்தனை என்று எழுதவே இல்லை. நூறு செய்து நன்றாக வந்த ஒன்றைக் காட்டினாலும் அந்தக் கோடு அப்படித்தான் இருக்கும்.

திருமலை வீதியில் பற்றரி சார்ஜ் போட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் ஓட்டோவின் பற்றரியைக் கொண்டுபோய் வைத்தால் அவர் என்ன செய்கிறார்? ஆறு மூடியையும் திறந்து, கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையின் அசிட்டையும் உறிஞ்சி, மிதவை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார். ஐந்து நன்றாக இருந்து ஒன்று செத்துக் கிடந்தால் பற்றரி செத்ததுதான். பிறகு, எப்போது வாங்கியது, எங்கே வைத்திருந்தது, இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலா என்று கேட்கிறார். இந்த மூன்று கேள்வியையும் அந்த நீலக் கோட்டிடம் கேட்டால் பதில் இல்லை.

அவர் ஆறு அறை பார்க்கிறார். சில மின்கார்களின் பற்றரியில் ஆயிரக்கணக்கில் செல். பத்தாயிரம் செல்லுக்கு ஒன்றே ஒன்றுதான் பழுது என்று வைத்துக்கொள்வோம், புதுக் கம்பனிக்கு அது பெரிய சாதனை. 7,000 செல் கொண்ட ஒரு தொகுதியில் ஒரு பழுதுச் செல்லாவது இருக்கும் சாத்தியம் பாதிக்குப் பாதி. வெப்பத்தையும் சேருங்கள். பத்துப் பாகை கூடினால் பற்றரிக்குள் நடக்கும் வேண்டாத இரசாயன வினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் எடுக்கும் என்பது துறையில் புழங்கும் பருமட்டான கணக்கு. 25 பாகைக் குளிர் அறையில் வரைந்த கோடு, சித்திரை வெயிலில் ஏறாவூரில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே செல்லுபடியாகாது. பத்து வருடம் உழைக்குமா என்பதை நிச்சயமாக அறிய பத்து வருடம் வேண்டும். மென்பொருள் கம்பனியில் பிழை வந்தால் இரவோடிரவாகத் திருத்தி அனுப்பலாம். பற்றரியில் பிழை மூன்றாவது வருடத்தில், வாங்கியவர் வீட்டில், புகையாக வெளிவரும்.

ஏ123இன் பழுதுச் செல்கள் ஃபிஸ்கர் கார்களுக்குள் போய், 2012இல் அவற்றை மாற்றிக் கொடுக்கவே கோடிக்கணக்கான டொலர் செலவானது. அதற்கும் முன்னோடி கனடாவின் மோலி எனர்ஜி. மீண்டும் மீண்டும் ஏற்றக்கூடிய லித்தியம் பற்றரியை வர்த்தக அளவில் முதலில் விற்றவர்கள் அவர்கள்தான், சோனிக்கும் முன்னர். 1989இல் யப்பானில் கைத்தொலைபேசி ஒன்றில் அவர்களின் பற்றரி தீப்பிடித்தது. விற்றதையெல்லாம் திருப்பி எடுக்க வேண்டிவந்தது, கம்பனி கடன்காரர் கைக்குப் போனது, யப்பானியர் வாங்கினார்கள். 1991இல் சோனி உலோக லித்தியத்துக்குப் பதிலாகக் காபனை வைத்துச் சந்தைக்கு வந்தது, உலகம் மாறியது. அந்தச் சோனியும் 2017இல் தன் பற்றரித் தொழிலை முராற்றா நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. முன்னோடிகளுக்கே இந்தக் கதி.

சுவீடனின் நோர்த்வோல்ற்றிடம் காசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. டெஸ்லாவிலிருந்து வந்தவர்கள் 2016இல் தொடங்கியது. கடனும் பங்குமாக 1,500 கோடி டொலர் திரட்டியது. புது இரசாயனம் கண்டுபிடிப்பது அவர்களின் பிரதான வேலை இல்லை, எல்லாருக்கும் தெரிந்த செல்லைத் தொழிற்சாலையில் சீராகச் செய்து காட்டவே முயன்றார்கள். அதுவே வரவில்லை. 2024இல் பி.எம்.டபிள்யூ. 200 கோடி யூரோ கட்டளையை இரத்துச் செய்தது. அந்த நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டபோது கையில் 3 கோடி டொலர், கடன் 580 கோடி டொலர். 2025 மார்ச்சில் சுவீடனிலேயே வங்குரோத்து. தெரிந்த செல்லைச் செய்யவே இவ்வளவு பாடு என்றால், தெரியாத செல்லைச் செய்யப் போகிறவருக்கு எவ்வளவு பாடு?

3. பொறுத்திருந்தால் போதாதா?

பொறுமைக்கு இங்கே கூலி கிடைப்பதில்லை, குறைப்புத்தான் கிடைக்கும். நீங்கள் கம்பனியில் ஒரு வீதம் வைத்திருக்கிறீர்கள். பற்றரிக் கம்பனி விற்பனை தொடங்கும் முன் பல சுற்றுக் காசு திரட்டியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் புதியவர்களுக்கு 20 வீதம் போகிறது என்றால் நான்கு சுற்றில் உங்கள் ஒரு வீதம் 0.41 ஆகச் சுருங்கிவிடும். நீங்கள் எதையும் விற்கவில்லை, ஒரு தவறும் செய்யவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் வரிசை. சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு யார் முதலில் எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று தெரியும், இங்கேயும் அதே கதைதான். பின்னால் வரும் பெரிய முதலீட்டாளர்கள் முன்னுரிமைப் பங்கு எடுப்பார்கள். கம்பனி விற்கப்பட்டால் அவர்கள் போட்டது முதலில் அவர்களுக்குப் போகும். அவர்கள் போட்டது 2 கோடி டொலர், கம்பனி விலைபோனது ஒன்றரைக் கோடிக்கு என்றால், சாதாரண பங்குக்காரருக்கு மிஞ்சுவது பூச்சியம். "கம்பனி ஒன்றரைக் கோடி டொலருக்கு விற்பனை" என்று செய்தி வரும், உங்கள் வீட்டில் வாழ்த்தும் சொல்வார்கள். உப்பு நீரில் ஓடும் பற்றரி செய்த அக்வியன் எனர்ஜி, பில் கேற்ஸ் உட்படப் பலரிடம் ஏறக்குறைய 19 கோடி டொலர் வாங்கியது. 2017இல் வங்குரோத்தாகி, ஒரு கோடி டொலருக்கும் குறைவான விலைக்குப் போனது. வாவி முழுக்க உப்புத் தண்ணீர் இருக்கிறதே, நாமும் செய்யலாமே என்று அக்வியனின் பழைய காணொளியை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சாகாத கம்பனியின் பங்கும் இப்படித்தான். குவாண்டம்ஸ்கேப் என்ற பற்றரிக் கம்பனி 2010இல் தொடங்கியது. 2020 டிசெம்பரில், விற்பனை ஒரு சதம்கூட இல்லாதபோது, பங்கு 130 டொலரைத் தாண்டியது. 2024இல் பெரும்பாலான நாட்களில் 10 டொலருக்குக் கீழே. கம்பனி உயிரோடிருக்கிறது, ஆய்வும் முன்னேறுகிறது. உச்சத்தில் வாங்கியவருக்கு அதனால் என்ன?

4. பெரிய தலைகள் போட்டிருக்கின்றனவே?

பெரிய தலை என்பது இழக்கக் கூடிய தலை. கோல்ட்மன் சாக்ஸின் நிதியங்கள் நோர்த்வோல்ற்றில் ஏறக்குறைய 90 கோடி டொலரைக் கணக்கிலிருந்து வெட்டி எழுதின. கோல்ட்மன் சாக்ஸ் மறுநாளும் கதவு திறந்தது. இருபது கம்பனியில் போட்டு, பதினெட்டில் இழந்து, இரண்டில் எடுப்பது அவர்கள் தொழில். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கம்பனி. அவர்களுக்கு இயக்குநர் சபையில் கதிரை உண்டு, மாதக் கணக்கு உண்டு, வழக்கறிஞர் உண்டு. அப்படியிருந்தும் டென்மார்க்கின் ஓய்வூதிய நிதியமான ஏ.ரி.பி. நோர்த்வோல்ற்றில் காசை விட்டது. அவர்களுக்கே கண்ணில் படாததை உங்கள் மைத்துனர் ஸூமில் கண்டுபிடித்துவிடுவார் என்கிறீர்களா?

"வாரன் பஃபெற் பி.வை.டி.யில் போட்டு அள்ளினாரே" என்பது அடுத்த கணை. அள்ளினார்தான். அவருடைய பேர்க்ஷயர் நிறுவனம் 2008இல் 23 கோடி டொலர் போட்டது. ஆனால் பி.வை.டி. 1995இல் தொடங்கியது. 2002இலேயே ஹொங்கொங் பங்குச்சந்தைக்கு வந்துவிட்டது. பஃபெற் போனபோது அது உலகக் கைத்தொலைபேசிகளுக்குப் பற்றரி விற்றுக்கொண்டிருந்த, இலாபம் காட்டிய 13 வயதுக் கம்பனி. சீனப் பற்றரிக் கம்பனியான சி.ஏ.ரி.எல்.இன் கதையும் அப்படியே. 2011இல் தொடங்கியது என்பார்கள், அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் ஏ.ரி.எல். என்ற பெயரில் அதே மனிதர்கள் பற்றரி செய்து கை பழகியிருந்தார்கள். இந்த இரண்டு உதாரணமும் பொறுமையாக, தாமதமாகப் போனவரைப் பற்றியது. முந்திப் போனவருக்கு இவை சாட்சியாகா.

சந்தையில் பகிரங்கமாக இருக்கும் கம்பனிகூட ஆறுதல் இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஸ்கூட்டரும் சொந்தப் பற்றரிச் செல்லும் செய்யும் ஓலா எலெக்ட்ரிக் 2024 ஓகஸ்டில் 76 இந்திய ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. இரண்டு வாரத்தில் 150ஐத் தாண்டியது. 2025இல் 50க்குக் கீழே வந்தது. பங்கு விழுந்ததற்கு ஸ்கூட்டர் விற்பனையும் சேவைக் குறைகளும் பெரிய காரணம், எல்லாப் பழியையும் செல்லின் மேல் போட முடியாது. ஆனால் கணக்காய்வு செய்த அறிக்கை, அரசின் ஊக்கத்தொகைத் திட்டம், நினைத்த நாளில் விற்கும் வசதி எல்லாம் இருந்த இடத்திலேயே இது நடந்தது. நீங்கள் போகப்போகும் கம்பனியில் விற்க நினைத்தால் வாங்க ஆள் இல்லை.

5. எங்கள் காரீயம்?

இதுதான் நெஞ்சைத் தொடும் வாதம், ஆகவே கூடுதல் ஆபத்தானது. இலங்கைக் காரீயம் நரம்பு நரம்பாகப் பாறைக்குள் ஓடுகிறது, தூய்மை மிக அதிகம். இதெல்லாம் உண்மை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்டுக்கு 30,000 தொன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்த நாடு இது. இன்று சில ஆயிரம் தொன். சீனா எடுப்பது ஆண்டுக்கு 10 இலட்சம் தொன்னுக்கு மேல். போகலச் சுரங்கம் கேகாலையில், கஹட்டகஹச் சுரங்கம் குருநாகலில். வாவிக் கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். அதில் நமக்குக் கிடைக்கும் வேலைவாய்ப்பு எது என்று யாரும் சொன்னதில்லை.

சுரங்கத்திலிருந்து வரும் காரீயம் பற்றரிக்குள் நேரே போகாது. அரைத்து, உருண்டையாக்கி, 99.95 வீதம் தூய்மைக்குக் கொண்டுவந்து, மேலே காபன் பூச வேண்டும். உருண்டையாக்கும்போதே ஏறக்குறைய பாதி தூளாகக் கழியும். தூய்மைப்படுத்த ஐதரோபுளோரிக் அமிலம் பாவிப்பது சீனாவில் பழகிய வழி. பற்றரிக்கான இந்த வேலையில் 90 வீதத்துக்கு மேல் சீனாவின் கையில். 2023 டிசெம்பரில் அவர்கள் காரீய ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கியபோது உலகமே பதறியது, கல் இல்லாமல் இல்லை, பக்குவப்படுத்தும் ஆலை வேறெங்கும் பெரிதாக இல்லாததால். கல் வைத்திருப்பவனிடம் இலாபம் தங்குவதில்லை.

அந்த ஆலையை இங்கே போட்டால் என்ன என்று கேட்டால், எந்தத் தண்ணீரில் என்று நான் கேட்பேன். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த வாவி ஆழம் குறைந்தது. பாலமீன்மடு முகத்துவாரம் வறட்சிக் காலத்தில் மணல் மூடிக் கிடக்கும். மாரி வந்து வெட்டிவிடும்வரை உள்ளே விழுந்தது உள்ளேயே. இறாலும் நண்டும் செல்வன் மீனும் பிடித்துச் சீவிக்கும் குடும்பங்கள் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் அதை நம்பி இருக்கின்றன. முதலீட்டாளருக்குத் தரும் அறிக்கையில் 'சுற்றாடல் அனுமதி' என்று ஒரு வரியில் முடிகிற ஆபத்து இவர்களின் தோணிக்குள் வந்து இறங்கும். இல்மனைற் மணல் அகழ்வுக்கு எதிராக கதிரவெளி, வாகரைப் பக்கத்தில் மக்கள் தெருவுக்கு வந்தது பழைய சங்கதி இல்லை. அப்படியொரு போராட்டம் வந்தால் ஆலை நிற்கும், பங்கும் நிற்கும். எந்தப் பக்கம் நின்றாலும் ஊரவர்தான் தோற்பார்.

இன்னொன்று. இங்கே செய்த பற்றரியை இங்கே யார் வாங்குவது? மின்சார சபை 2025இல் தலா 10 மெகாவாற் வீதம் 16 பற்றரி நிலையங்களுக்குக் கேள்விப்பத்திரம் கோரியது. மின்வலைக்கு வாங்குகிறவர் முன்பு எங்கே பொருத்தினாய், எத்தனை வருடம் ஓடியது என்று கேட்பார், கேட்கவும் வேண்டும். அந்தப் பத்திரத்தை நிரப்ப புதுக் கம்பனியிடம் ஒன்றும் இராது.

6. சின்னக் காசுதானே?

யாருக்குச் சின்னது? ஆசிரியராக முப்பது வருடம் உழைத்து எடுத்த பணிக்கொடையில் மூன்று இலட்சம், சூரிச்சில் இருக்கும் மருமகனின் மூன்று இலட்சம் ஆகாது. அவருக்கு அது ஒரு மாதத்துச் செலவுக்குள் அடங்கும். இங்கே அது கண் சத்திரசிகிச்சை, மகளின் வளவு மதில், நுண்கடன் வாரத் தவணையிலிருந்து தப்பும் வழி.

அதோடு, அந்தக் காசு எந்தப் பெயரில் போகிறது? இலங்கையில் இருப்பவர் வெளிநாட்டில் முதலிடுவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, உரிய கணக்கின் வழியாகவே போகவேண்டும். நடப்பது அப்படி இல்லை. "மாமா, நீங்கள் காசை இங்கே அம்மாவிடம் குடுங்க, நான் என்ட பேரில வாங்கி வைக்கிறன்" என்கிறார் மருமகன். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பங்குப் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர். உங்களிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் செய்தி. அவருக்கு விவாகரத்து வந்தால், கடன் வந்தால், ஏதும் நடந்தால், அந்தப் பங்கு அவருடைய சொத்து. எந்த நீதிமன்றத்தில் போய், எந்தச் சட்டப்படி கேட்பீர்கள்? வெளியில் சொன்னால் குடும்பம் உடையும். கம்பனி வென்றாலும் நீங்கள் தோற்கக்கூடிய முதலீட்டு வகை இது.

உள்ளூரில் வரும் முதலீட்டு அழைப்புப் பத்திரங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மாதாமாதம் நிலையான வட்டி, ஆள் சேர்த்தால் கொமிஷன் என்று இருந்தால் அது 1988ஆம் ஆண்டு வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவு தடைசெய்யும் பிரமிட் வகை. மத்திய வங்கி பத்திரிகைகளில் பெயர் பெயராகப் போட்டு எச்சரித்து வந்திருக்கிறது. 'பற்றரி' என்ற சொல்லை வெட்டிவிட்டு 'கிரிப்டோ' என்று ஒட்டினாலும் பத்திரம் அப்படியே பொருந்துகிறதா என்று பாருங்கள்.

7. எல்லாரும் இப்படி ஒதுங்கினால் யார்தான் செய்வது?

நியாயமான கேள்வி, ஆனால் கேட்கவேண்டிய ஆள் வேறு. இத்தகைய ஆராய்ச்சிக்குக் காசு தேவை, பெரும்பகுதி தோற்கும் என்று தெரிந்தே போடவேண்டிய காசு. அது அரசின் காசாக இருக்கலாம், கார்க் கம்பனியின் காசாக இருக்கலாம், இருபது கம்பனியில் பிரித்துப் போடும் நிதியத்தின் காசாக இருக்கலாம். லித்தியம் அயன் பற்றரிக்காக நோபல் பரிசு பெற்ற மூவரில் விற்றிங்ஹம் தன் வேலையைத் தொடங்கியது எக்சன் எண்ணெய்க் கம்பனியின் செலவில், குட்இனஃப் செய்தது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில், யோஷினோ செய்தது அசாகி கசெய் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் மின்னிரசாயனம் படிக்கப் புலமைப்பரிசில் கேட்டால் புலம்பெயர்ந்தோர் தாராளமாகக் கொடுக்கட்டும். அது நன்கொடை, நன்கொடை என்றே பெயர் சொல்லிக் கொடுப்பது. நன்கொடையை முதலீடு என்று சொல்லி விற்பதில்தான் எனக்கு ஆட்சேபம்.

பற்றரியின் காலத்தில் இந்த ஊருக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, விலை விழுந்தால் வெல்கிற பக்கத்தில். உலகத்துக் கம்பனிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறி விலையை 115 டொலருக்குக் கொண்டுவந்தன. அந்தச் சண்டையில் செத்த முதலீட்டாளரின் காசில்தான் நமக்குப் பற்றரி மலிந்தது. இன்வேற்றருக்கு வைக்கும் பழைய லெட்-அசிட் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சில நூறு தரத்தோடு போய்விடும். இரும்புப் பொஸ்பேற் பற்றரி 80 வீதம் இறக்கினாலும் சில ஆயிரம் தரம் தாங்கும். மூன்று இலட்சம் இருந்தால், கூரையில் சோலார் உள்ள வீட்டுக்காரர் அதை இந்தப் பக்கம் திருப்பலாம். வருகிற இலாபம் மாத மின் பட்டியலில் தெரியும், யார் பெயரிலும் பதிய வேண்டியதில்லை.

அங்கேயும் புதுக் கம்பனி ஆபத்து ஒளிந்திருக்கிறது. மூன்று வயதுக் கம்பனி தரும் பத்து வருட உத்தரவாதம், அந்தக் கம்பனி இன்னும் ஏழு வருடம் தப்பிப் பிழைக்கும் என்று நீங்கள் கட்டும் பந்தயம். ஆகவே கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பெட்டிக்குள் இருக்கும் செல் யார் செய்தது, அதே மாதிரி கிழக்கில் எத்தனை வீட்டில் இரண்டு வெயில் காலம் தாண்டி ஓடியிருக்கிறது, பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்தவர் மட்டக்களப்பில் இருக்கிறாரா அல்லது கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா. மூன்றாவதற்கு அவர் தடுமாறினால் வேறு கடைக்குப் போங்கள்.